நட்சத்திர மீன்களை வகைப்படுத்திய எட்வர்ட் போர்ப்ஸ்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர் பெருமக்களின் வரலாறும் நாட்டுத் தொண்டர்களின் வரலாறும் இடம் பெறுதல் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கினின்று சற்றே விலகி, கடலடிச் சேற்றை வாரியெடுத்து அதில் கிடந்த உயிர்களை ஆராய்ந்து பெயர் சூட்டுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்துள்ளோம். அவர் தமிழரல்லர், இந்திய மண்ணை மிதித்தவருமல்லர். எனினும், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களின் பாறைகளில் கிடைத்த பழம்பெரும் உயிர்களுக்கு அவர் இட்ட பெயர்கள் இன்றும் வழங்கி வருகின்றன. அவருடைய பெரும்பிழை ஒன்றைத் திருத்தியவரோ, நாம் வாழும் இக்கல்கத்தா மாநகரில் பிறந்தவர். தாம் நாளெல்லாம் பழகிய உயிரினமே தம் கூற்றை மறுத்துச் சான்று பகர்ந்த நிலை ஓர் அறிஞருக்கு நேர்வது அரிது. அவ்வரிய நிலை எட்வர்ட் போர்ப்ஸ் என்பாருக்கு நேர்ந்தது.

வரலாற்றிற்குள் புகுமுன் நட்சத்திர மீனைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். மீன் என்று பெயர் பெற்றிருப்பினும் அது மீனன்று. அதற்கு முதுகெலும்பில்லை, செதிலில்லை, தலையென்று சொல்லத்தக்க உறுப்பும் இல்லை. நடுவில் ஒரு வட்டு, அதனின்று கிளைக்கும் ஐந்து கைகள். சில இனங்களில் ஏழு, சிலவற்றில் பத்துக்கும் மேல். அடிப்புறத்தில் வாய். கைகளின் கீழே வரிசை வரிசையாக நுண்ணிய குழாய்க் கால்கள். உடலினுள் ஓடும் நீரின் அழுத்தத்தால் அக்கால்கள் நீண்டும் சுருங்கியும் உடலை நகர்த்துகின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒளியை உணரும் ஒரு சிறு புள்ளி உண்டு. அதனைக் கண் என்று கூறினும் குற்றமில்லை. கையொன்று அறுந்தால் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். கடல் முள்ளெலி, கடல் வெள்ளரி, கடல் அல்லி ஆகியனவும் இக்குடும்பத்தின் உறவினவே. இவையனைத்தையும் முட்தோலிகள் என்பர்.

இவ்வுயிர்களைத் தொகுத்துப் படங்களுடன் தனிநூல் ஒன்றை 1733-இல் வெளியிட்டவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருந்து வணிகர் லிங்க் என்பார். பின்னர் உயிர்கட்கெல்லாம் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758-இல் நட்சத்திர வடிவின அனைத்தையும் 'அஸ்டீரியாஸ்' என்ற ஒரே பேரினத்துள் அடக்கிவிட்டார். பாம்பின் வால்போல் நெளியும் கைகளையுடையனவும், இறகுபோல் கிளைத்த கைகளையுடையனவும், தடித்த ஐங்கையினவும் ஒரே கூண்டில் அடைபட்டன. அக்கூண்டைப் பிரித்து அவையவற்றை உரிய இடத்தில் நிறுத்தும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டினர்க்குக் காத்திருந்தது. அப்பணியில் முன்னின்றாருள் போர்ப்ஸும் ஒருவர்.

அவர் பிறந்தது 1815-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள். ஊர், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையேயுள்ள மான் தீவின் டக்ளஸ் நகரம். தந்தையார் வங்கித் தொழிலர். இளமையிலேயே கிளிஞ்சலும் கல்லும் பூண்டும் சேர்த்து வீட்டில் ஒரு சிறு காட்சிசாலை அமைத்துக்கொண்ட பிள்ளை இவர். ஓவியத்தில் கை நன்கு ஓடியமையால் 1831-இல் ஓவியம் பயில இலண்டனுக்கு அனுப்பினர். அங்கே அரச கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு எடின்பரோவிற்கு மருத்துவம் பயிலச் சென்றார். அங்கும் மருத்துவத்தைவிட இயற்கை நூலாசிரியர் ஜேம்சனின் வகுப்பும், தாவர நூலாசிரியர் கிரஹாமின் வகுப்பும், துறைமுகத்து மீன்பிடி படகுகளுமே அவரை ஈர்த்தன. 1836-இல் தேர்வெழுதாமலே மருத்துவத்தைக் கைவிட்டார். பிள்ளையின் படிப்பிற்குப் பணம் அனுப்பிய தந்தையார்க்கு இச்செய்தி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் அவர் வீணே திரிந்தவரல்லர். நார்வே சென்று வந்தார். பாரிஸில் தங்கி அந்நாளைய பேரறிஞர்களின் விரிவுரைகளைக் கேட்டார். அல்ஜியர்ஸ் வரை போய்க் கடலுயிர் சேர்த்தார். எங்குச் சென்றாலும் அவருக்கு உற்ற துணை ஒன்றுண்டு. அது இரும்புச் சட்டத்தில் வலைப்பை கட்டிய இழுவைக் கருவி. படகின் பின்னே நீண்ட கயிற்றில் அதனை இறக்கி, கடலடியைச் சுரண்டிக்கொண்டு வருமாறு இழுப்பர். மேலேறியதும் சேறும் கல்லுமாகப் படகில் கொட்டி, அவற்றினூடே உயிர்களைப் பொறுக்குவர். முன்பு சிப்பி எடுப்போர் கையாண்ட இக்கருவியை அறிவியல் ஆய்விற்கு ஒழுங்குற வழக்கப்படுத்தியதில் போர்ப்ஸுக்குப் பெரும் பங்குண்டு. 1839-இல் பர்மிங்ஹாமில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கம் இதற்கெனக் குழுவொன்றை அமைத்து 60 பவுன் ஒதுக்கிற்று. அதே கூட்டத்தின்போதுதான் அவரும் நண்பர்களும் பெரியவர்களின் ஆடம்பர விருந்தை விடுத்து, 'செஞ்சிங்கம்' என்ற எளிய உணவு விடுதியில் கூடி உண்டு, கைதட்டுவதற்குப் பதிலாகச் சிங்கம்போல் உறுமி, மேலங்கியின் வாலை ஆட்டி மகிழ்ந்தனர். அக்கூட்டம் பின்னர் 'செஞ்சிங்கர்' என்ற பெயராலேயே ஆண்டுதோறும் கூடிற்று. அறிஞரென்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க வேண்டுமென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

1841-இல் பிரித்தானிய நட்சத்திர மீன்களின் வரலாறு என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. கலைக்கழகம் ஏற்க மறுத்த கை, இந்நூலின் இயல்தோறும் இறுதியில் குறும்பும் அழகும் நிறைந்த சிறு சித்திரங்களை வரைந்து தந்தது. உயிர்களை அவர் வகுத்த முறையும் புதுமையானது. ஓருயிர் எவ்வாறு நகர்கின்றது என்பதையே அடிப்படையாக வைத்தார். இறகுக் கைகளை அசைத்து நீந்துவன ஒரு பிரிவு. கைகளின் முட்களை ஊன்றிச் செல்வன ஒரு பிரிவு. குழாய்க் கால்களால் ஊர்வன ஒரு பிரிவு. முள்ளும் குழாய்க் காலும் சேர்ந்து இயங்கும் முள்ளெலிகள் ஒரு பிரிவு. உடலைப் புழுப்போல் நெளித்தும் குழாய்க் காலைக் கொண்டும் நகரும் கடல் வெள்ளரிகள் ஒரு பிரிவு. புழுப்போலவே நெளிந்து செல்வன இறுதிப் பிரிவு. இவற்றுள் முதல் ஐந்தின் எல்லைகள் இன்றைய வகைப்பாட்டிலும் பெரிதும் அவ்வாறே நிற்கின்றன. பெயர்கள் மட்டும் மாறின. ஆறாவதாக அவர் சேர்த்த புழுக்கள் முட்தோலிகளே அல்லவென்று பின்னர் வந்தோர் நீக்கிவிட்டனர்.

அந்நூலில் யாவரும் விரும்பிப் படிக்கும் பகுதி, ஏழு கைகளையுடைய ஒரு பெரிய நட்சத்திர மீனைப் பற்றியது. அதனை முதன்முறை பிடித்தபோது முழு உருவில் படகேற்றித் துடுப்புப் பலகையின்மீது பரப்பி வைத்து, மற்றவற்றைக் கவனிக்கத் திரும்பினார். மீண்டும் பார்க்கையில் அங்கே நட்சத்திர மீன் இல்லை. தறித்துப்போட்ட துண்டுகளின் குவியலே இருந்தது. பிடிபட்டதும் தன் உடலைத் தானே உடைத்துக்கொள்வது அவ்வுயிரின் இயல்பு. அடுத்த முறை போர்ப்ஸ் ஆயத்தமாகச் சென்றார். நன்னீரில் இட்டால் கடலுயிர் சட்டென இறந்துவிடும். உடைத்துக்கொள்ள நேரமிராது என்று கருதி, குளிர்ந்த நன்னீர் நிறைந்த வாளியொன்றை உடன் வைத்திருந்தார். வலையில் அதுவே சிக்கி மேலே வந்தது. வாளியை மெல்ல வலையின் வாயருகே தாழ்த்தினார். நீர் பட்டதோ இல்லையோ, அவ்வுயிர் கண்ணெதிரே சிதறி, துண்டுகள் வலைக் கண்ணிகள் வழியே நழுவிக் கடலில் வீழ்ந்தன. பதறிப்போய்ப் பெரிய துண்டொன்றைப் பற்றினார். கையின் நுனி மட்டும் அகப்பட்டது. அந்நுனியிலிருந்த கண், இமைகளைத் திறந்து மூடித் தம்மை எள்ளிச் சிமிட்டியதாக எழுதி வைத்தார். நட்சத்திர மீனுக்கு இமையேது? தம் தோல்வியைத் தாமே நகைத்துக்கொள்ளும் மனம் அவரிடம் இருந்தது என்பதே இதனால் நாம் அறிவது.

இவ்வுயிரின் பேரினத்திற்கு 1839-இலேயே அவர் 'லூயிடியா' என்று பெயரிட்டிருந்தார். 1709-இல் மறைந்த எட்வர்ட் லூயிட் என்னும் வேல்ஸ் நாட்டறிஞர், ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் காட்சிசாலைக் காப்பாளர், நட்சத்திர மீன்களை முன்னரே ஆராய்ந்தவர். அவரை மறவாதிருக்க இட்ட பெயர் இது. சிற்றினத்திற்கு, மிக எளிதில் உடைவது என்னும் பொருளில் மற்றொரு பெயரையும் சேர்த்தார். பொருத்தமான பெயரே. ஆனால் பிலிப்பி என்ற ஜெர்மானியர் அதே உயிருக்கு 1837-இல் 'சிலியாரிஸ்' என்ற பெயரை வெளியிட்டுவிட்டார். முந்தி அச்சேறிய பெயரே நிற்கும் என்பது உயிர்நூல் மரபு; அதில் அழகுக்கோ பொருத்தத்திற்கோ இடமில்லை. ஆகவே இன்று அதன் பெயர் லூயிடியா சிலியாரிஸ். போர்ப்ஸ் இட்ட சிற்றினப் பெயர் மறைந்தது. பேரினப் பெயர் நிலைத்தது. அப்பேரினத்தைச் சேர்ந்த வேறு சிற்றினங்கள் மன்னார் வளைகுடாவிலும் சோழமண்டலக் கரையிலும் வாழ்கின்றன. நம்மூர் விசைப்படகு வலைகளில் மீனோடு கலந்து வரும் புள்ளியிட்ட பெரிய நட்சத்திர மீன்களில் லூயிடியாவும் உண்டு.

நூல் வெளிவந்த அதே 1841-இல் அவருக்கு ஒரு பெருவாய்ப்பு வாய்த்தது. ஈஜியன் கடலை அளந்துகொண்டிருந்த 'பீக்கன்' என்ற கடற்படைக் கப்பலில் இயற்கை நூலறிஞராக வருமாறு கப்பல் தலைவர் கிரேவ்ஸ் அழைத்தார். ஏறத்தாழ ஓராண்டரைக் காலம் கிரேக்கத் தீவுகளிடையேயும் சின்ன ஆசியாவின் கரையிலும் நூறு முறைக்கு மேல் வலையிறக்கினார். ஆழத்தை அங்கே 'பாதம்' என்னும் ஆறடி அளவால் கணக்கிட்டனர். நம் கடற்கரை மீனவர் 'பாகம்' என்பதும் அவ்வளவே. ஆகவே பாகம் என்றே நாமும் எழுதுவோம். அவர் எட்டிய பேராழம் 230 பாகம். கடலின் ஆழத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்து, எம்மண்டலத்தில் எவ்வுயிர் வாழ்கின்றது என்று பட்டியலிட்டார். கடலுயிர்கள் ஆழத்திற்கேற்ப அடுக்கடுக்காக வாழ்கின்றன என்பதை இத்துணைத் தெளிவாக அதற்குமுன் எவரும் காட்டியதில்லை.

இங்கேதான் அவர் இடறினார். ஆழம் மிகமிக உயிர்வகைகள் குறைந்துகொண்டே வந்தன. அக்குறைவை அவ்வாறே கீழே நீட்டிப் பார்த்து, 300 பாகத்தளவில் உயிர்வாழ்க்கை அற்றுப்போகும் என்று கணித்தார். 1843-இல் வெளியான அறிக்கையில் இக்கருத்து இடம்பெற்றது. ஒளியில்லை, அழுத்தம் மிகுதி, குளிர் கடிது. அங்கே உயிரிராது என்பது கேட்போர்க்கும் இயல்பாகவே பட்டது. ஆனால் ஈஜியன் கடலடி, உணவுச் சத்துக் குறைந்த ஏழைக் கடலடி என்பதும், அவருடைய சிறு வலை விரைவில் சேறடைந்து உயிர்களைத் தவறவிடும் என்பதும் அன்று எண்ணிப் பார்க்கப்படவில்லை. ஒரு கடலில் கண்டதை உலகக் கடல்கள் அனைத்திற்கும் ஏற்றியது பிழை. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 1818-இலேயே வட துருவப் பகுதியின் பாஃபின் விரிகுடாவில் ஜான் ராஸ் என்ற மாலுமி ஆழமளக்கும் கயிற்றை இறக்கியபோது, பல நூறு பாகத்தின் அடியிலிருந்து கிளைக்கைகள் பல கொண்ட கூடை நட்சத்திரமொன்று அதில் பின்னிக்கொண்டு மேலே வந்தது. இச்செய்தி அச்சிலும் வந்திருந்தது. அறிவுலகம் அதனை ஒதுக்கிவிட்டு, போர்ப்ஸின் கோட்டையே பற்றிக்கொண்டது.

கடற்பயணம் நீடிக்கவில்லை. லிசிய நாட்டுப் பழம் நகரங்களைக் காணச் சென்ற இடத்தில் உடன் வந்த டேனியல் என்ற ஓவியத் துறவியார் காய்ச்சலுக்கு இரையானார். போர்ப்ஸும் கடுங்காய்ச்சலுற்றுத் தப்பினார். அந்நிலையில் தந்தையாரின் செல்வம் கரைந்துவிட்டதென்ற செய்தி வந்தது. 1842-இல் இலண்டன் திரும்பி, கிங்ஸ் கல்லூரியில் தாவர நூல் பேராசிரியர் பதவியையும், புவியியற் கழகத்தின் காப்பாளர் பதவியையும் ஒருங்கே ஏற்றார். இரண்டிற்கும் ஊதியம் சிறிது, உழைப்பு பெரிது. 1844-இல் அரசினர் புவியளவைத் துறையில் தொல்லுயிர் ஆய்வாளரானார். ஈஜியன் கடலில் சேர்த்தவற்றை முழுமையாக ஆராய்ந்து எழுதும் ஓய்வு அவருக்குப் பின்னர் என்றும் கிட்டவில்லை. பிழைப்பிற்கான பணி, விருப்பமான பணியை விழுங்கிய கதை இது. பிறந்த மண்ணை விட்டு வேலை தேடி வந்த நமக்கு இது புதிதன்று.

இக்காலத்தில்தான் தமிழ்நாட்டுப் பாறைகள் அவர் மேசைக்கு வந்தன. சென்னை அரசுப் பணியிலிருந்த கே, கன்லிப் ஆகியோர் புதுச்சேரிக்கருகிலும் விருத்தாசலத்திலும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலும் சேர்த்த தொல்லுயிர் எச்சங்கள் இலண்டன் புவியியற் கழகத்திற்கு அனுப்பப் பெற்றன. போர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் பல அதில் புதியனவாகப் பெயர் பெற்றன. ஒன்றுக்குக் கேயின் பெயரையும், மற்றொன்றுக்கு எகர்ட்டன் என்பாரின் பெயரையும் இட்டார். அப்பாறைகள் கிரெட்டேசியக் காலத்தன என்று துணிந்தார். இன்று அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுமிடங்களில் கடற்சிப்பிகள் கிடைப்பதை யாவரும் அறிவர்; அந்நிலப்பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதை உலகறியச் செய்த முதல் ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. பின்னர் 1863 முதல் பத்தாண்டுகளில் இதனை விரித்துப் பெருநூல்களாக எழுதிய ஸ்டோலிச்கா, இக்கல்கத்தாவின் புவியளவைத் துறை அலுவலகத்தில் பணியாற்றியவர்.

பாறைகளிலும் தம் பழைய நண்பர்களை அவர் மறக்கவில்லை. பிரித்தானியப் பாறைகளில் கிடைத்த நட்சத்திர மீன்களைப் பற்றி 1848-இல் எழுதினார். அவ்வாண்டில் திருமணமும் நடந்தது. மெல்லுடலிகளைப் பற்றி ஹான்லி என்பாருடன் சேர்ந்து நான்கு பெருந்தொகுதிகளை 1853-க்குள் முடித்தார். பிறர்க்கு உதவுவதில் அவர் காலக்கணக்குப் பார்த்தவரல்லர். கப்பல் மருத்துவராகப் புறப்பட்ட ஹக்ஸ்லி என்ற பெயரறியா இளைஞருக்கு வழிகாட்டி, அவருடைய கட்டுரைகள் வெளிவரத் துணை நின்றார். அந்த ஹக்ஸ்லியே பின்னாளில் டார்வின் கொள்கையின் பெருந்தூணாக விளங்கினார்.

1854-இல் ஆசிரியர் ஜேம்சன் மறைய, எடின்பரோவின் இயற்கை நூல் பீடம் போர்ப்ஸுக்குக் கிடைத்தது. இளமை முதல் அவர் அவாவிய பதவி அது. சுரங்கப் பள்ளியில் அவர் விட்டுச் சென்ற இடத்தை ஹக்ஸ்லி ஏற்றார். ஆனால் உடல் முன்னமே தளர்ந்திருந்தது. நவம்பரில் குளிர்கால வகுப்புகளைத் தொடங்கிய சில நாட்களில் நோய் முற்றி, அம்மாதம் 18-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது முப்பத்தொன்பது. மனைவியும் இரு குழந்தைகளும் எஞ்சினர். அவர் முற்றுவிக்காது விட்ட ஐரோப்பியக் கடல்களின் இயற்கை வரலாற்றை நண்பர் காட்வின் ஆஸ்டின் நிறைவு செய்து 1859-இல் வெளியிட்டார். ஆழ்கடலை ஆராய்வதே இனி எஞ்சியிருக்கும் மிகச் சிறந்த துறை என்று அந்நூலில் அவரே எழுதியிருந்தார். கோட்டைக் கிழித்தவர் அதனைக் கடந்து சென்று பார்க்க வேண்டாமென்று தடுத்தவரல்லர். கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர் மற்றவர்களே.

சென்று பார்த்தவர் ஜார்ஜ் சார்லஸ் வாலிச். சிவபுரித் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக விளங்கியவரும், 1814-இல் சௌரங்கிக் காட்சிசாலைக்கு வித்திட்டவருமான டேனிஷ் அறிஞர் நதானியேல் வாலிச்சின் மைந்தர். கல்கத்தாவில் இவர் பிறந்த ஆண்டும் 1815. போர்ப்ஸுக்கு ஒத்த வயதினர். இந்தியப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1860-இல் அட்லாண்டிக் தந்திக் கம்பி போடும் வழியை அளக்கச் சென்ற 'புல்டாக்' கப்பலில் இயற்கை நூலறிஞராகப் போனார். ஓரிடத்தில் 1,260 பாகம் ஆழத்திற்குக் கயிறு இறங்கி, அதன் கடைப்பகுதி கடலடியில் சற்று நேரம் கிடந்தது. மேலே இழுத்தபோது அக்கடைப்பகுதியைப் பதின்மூன்று உயிர்கள் நெளியும் கைகளால் பற்றிக்கொண்டு வந்தன. அவை நட்சத்திர மீன்களின் நெருங்கிய உறவினவாகிய நொறுங்கு நட்சத்திரங்கள். போர்ப்ஸ் தம் நூலில் முட்களை ஊன்றிச் செல்வன என்று வகுத்த அதே கூட்டத்தின.

கயிறு மேலேறும் வழியில் நடுக்கடலில் அவை பற்றியிருக்கலாம் என்று ஐயுற்றோர் பலர். அவற்றுள் ஒன்றின் இரைப்பையைத் திறந்து பார்த்த வாலிச், கடலடிச் சேற்றில் கிடக்கும் நுண்ணிய ஓடுகளை அதனுள் கண்டார். ஆயினும் உலகம் அவர் சொல்லை உடனே ஏற்கவில்லை. அக்குறை அவர் மனத்தில் நெடுநாள் இருந்தது. 1869-இல் 'போர்க்குபைன்' கப்பலில் சென்ற வைவில் தாம்சன் 2,435 பாகத்திலிருந்து உயிர்களை வாரிக்கொணர்ந்த பின்னரே வழக்கு முடிந்தது. தாம்சன் மறு ஆண்டில் எடின்பரோவில் ஏற்ற பீடம், போர்ப்ஸ் ஆறு மாதங்கள் மட்டும் அமர்ந்திருந்த அதே பீடமாகும்.

வங்கக் கடலின் ஆழத்தை ஆராயும் முறை பின்னர் வந்தது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பலில் 1888 முதல் மருத்துவராகவும் இயற்கை நூலறிஞராகவும் இருந்த ஆல்காக், 1893-இல் இக்கல்கத்தா காட்சிசாலையின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டே அக்கப்பல் சேர்த்த ஆழ்கடல் நட்சத்திர மீன்களைப் பற்றிய விளக்கத்தையும் வெளியிட்டு, புதிய இனங்கள் பலவற்றிற்குப் பெயரிட்டார். அவற்றுள் மிகப்பல, 300 பாகத்திற்கும் கீழே, ஒளி சென்றெட்டாத சேற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.